பழைய பிக்கப்பில் ஸ்டியரிங் தண்டு ஆடினால்: இடம் பிடித்து இறுக்கும் முறை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து தயிர்ச் சட்டி ஏற்றி வருகிறவனுக்கு ஸ்டியரிங் ஆடுகிறது என்று மெக்கானிக் வந்து சொல்லத் தேவையில்லை. சட்டியே சொல்லிவிடும். கிறவல் ரோட்டில் வண்டி இடப்பக்கம் இழுக்கும். வலப்பக்கம் திருப்பினால் கொஞ்சம் தாமதித்து, தேவைக்கு மேலே திரும்பும். மறுபடி இடப்பக்கம் வெட்டும்போது பின்னால் மேலடுக்கில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். என்னுடைய 1979ஆம் ஆண்டு ஹைலக்ஸ் எனக்கு அப்படித்தான் செய்தி சொன்னது. அன்றைக்கு நாலு சட்டி நட்டம்.

அதற்கு நான் செய்த வைத்தியம், பழைய வண்டி வைத்திருக்கும் அநேகமானோர் செய்கிற வைத்தியம்தான். பொனட்டைத் திறந்து, ஸ்டியரிங் பொக்ஸின் (தண்டின் சுழற்சியைச் சில்லைத் திருப்பும் அசைவாக மாற்றும் பற்சக்கரப் பெட்டி) தலையில் இருக்கும் திருகாணியை அரைச் சுற்று இறுக்கினேன். ஆட்டம் குறைந்த மாதிரித்தான் இருந்தது. மறுநாள் பட்டிருப்புச் சந்தியில் திரும்பினேன். திரும்பிய இடத்திலேயே ஸ்டியரிங் வீல் நின்றுவிட்டது. கையைத் தளர்த்தினால் தானாக நேருக்கு வரவேண்டியது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்து நேராக்குவதற்குள் எதிரே வந்த ஓட்டோக்காரர் என் வீட்டாரை எல்லாம் விசாரித்துவிட்டார்.

பிறகு ஆறுதலாகப் பார்த்தால் பொக்ஸில் ஒரு குறையும் இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே தண்டைத் தாங்கும் இரண்டு போல்ட் கழன்று கிடந்தன. பன்னிரண்டாம் நம்பர் சாவி ஒன்றால் முடிந்திருக்க வேண்டிய வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே பிடிவாதம்தான்: ஆட்டம் எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் கண்டுபிடிக்கும் வரை சாவியைத் தொடக்கூடாது. தேடுவது மேலிருந்து கீழே. பொக்ஸின் திருகாணி எல்லாவற்றுக்கும் கடைசி.

எந்த வண்டிகளுக்கு

எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வந்த ஜப்பான் பிக்கப்களை மனதில் வைத்து எழுதுகிறேன்: ஹைலக்ஸ், டட்சன் 620, மஸ்டா, இசுசு. இவற்றின் உள்ளமைப்பு ஒன்றுக்கொன்று ஒத்தது. பவர் ஸ்டியரிங் இல்லை, எயார்பேக் இல்லை. எயார்பேக் உள்ள பிந்திய வண்டியில் இங்கே சொல்வதைப் பார்த்து வீலைக் கழற்ற வேண்டாம். அது வேறு வேலை, ஆபத்தான வேலை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, வேலிக்கரையில் கோழி அடைந்த பிக்கப்கள்கூட எங்கள் பக்கம் மீண்டும் ரோட்டுக்கு வந்தன. என்ஜின் பார்த்தார்கள், பெயின்ற் அடித்தார்கள், புது ரயர் போட்டார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டவர்கள் குறைவு. நாற்பது வருஷம் முந்திய போல்ட் அப்படியே இருக்கிறது.

தண்டு எப்படி அமைந்திருக்கிறது

வீலில் இருந்து கீழே போவோம். வீல் ஒரு பெரிய நட்டால் தண்டின் பல்லுள்ள நுனியில் இறுக்கப்பட்டிருக்கும். தண்டு ஒரு இரும்புக் குழாய்க்குள் ஓடும். குழாயின் மேல்வாயில் தண்டைப் பிடிக்க ஒரு பெயரிங் அல்லது நைலோன் புஷ். குழாயை டாஷ்போர்டின் சட்டத்தோடு பிடிக்கும் பிராக்கெட்டும் அதன் போல்ட்களும் உங்கள் முழங்காலுக்கு நேர் மேலே இருக்கும். குழாய் தரைத்தகட்டைத் துளைத்து என்ஜின் பக்கம் போகும் இடத்தில் ஒரு ரப்பர் உறை. அதற்கு அப்பால் தண்டையும் பொக்ஸையும் சேர்க்கும் இணைப்பு. பலவற்றில் இது ரப்பர் வட்டு, சிலவற்றில் யூனிவர்சல் ஜொயின்ட். பிறகு பொக்ஸ், பொக்ஸின் அடியில் பிட்மன் ஆம் என்ற இரும்புக் கை, அதிலிருந்து சில்லுகளுக்குப் போகும் தடிகள்.

எங்கள் ஊரில் இதற்கு இரண்டு எதிரிகள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே போகிற ரோட்டில் ஓடும் வண்டிக்கு உப்புக் காற்று. அக்கரைக்குப் போனால் கிறவல் குலுக்கம். உப்பு மரையைத் தின்னும், குலுக்கம் நட்டைக் கழற்றும். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் ஒரு பெரும்போகம் நெல் இழுத்த வண்டிக்கும், கல்லடிக்கும் கல்முனைக்கும் இடையில் தார் ரோட்டில் மட்டும் ஓடிய வண்டிக்கும் இந்த விஷயத்தில் நிறைய வித்தியாசம்.

ஆட்டத்தைப் பிடித்தல்

சமதரையில் நிறுத்துங்கள். முன்சில்லு நேராக இருக்கட்டும். பின்சில்லுக்குக் கட்டை வையுங்கள், என்ஜினை நிறுத்துங்கள். வண்டிச் சாவியைக் கழற்றாமல் ஸ்டியரிங் லொக் விழாத நிலையில் விடுங்கள்; லொக் விழுந்தபடி வீலை ஆட்டினால் ஆட்டம் இல்லாத மாதிரித் தெரியும்.

முதலில் வீலைச் சுற்ற வேண்டாம். பன்னிரண்டு மணி, ஆறு மணி நிலைகளில் இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள், கதவின் பிணைச்சலைப் பரிசோதிக்கிற மாதிரி. இப்போது கண் வீலில் இருக்கக்கூடாது, குழாயில் இருக்க வேண்டும். வீலோடு சேர்ந்து குழாயும் சிக்னல் சுவிட்சும் மொத்தமாக அசைந்தால் குறை பிராக்கெட்டில். குழாய் அசையாமல் வீல் மட்டும் அசைந்தால் மேல் புஷ். சந்தேகமென்றால் இடது கையின் பெருவிரலை வீலுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இடுக்கில் வைத்துக்கொண்டு வலது கையால் அசையுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத அரை மில்லிமீட்டர் விரலுக்குப் பிடிபடும்.

அடுத்து வீலை உங்களை நோக்கி இழுத்து, பிறகு தள்ளுங்கள். உள்ளும் வெளியும் போனால் தண்டின் மேல் நுனியிலுள்ள பூட்டு வளையம் கழன்றிருக்கலாம், பொக்ஸுக்குள் இருக்கும் புழுப்பல்லின் (திருகு வடிவப் பல்) பெயரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது பின்னால் சொல்லப்போகும் பிளாஸ்டிக் முள் முறிந்திருக்கலாம்.

மூன்றாவது சுற்றாட்டம். வீலின் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அதற்கு நேரே டாஷ்போர்டில் ஒரு அடிமட்டத்தைப் பிடியுங்கள். ஜன்னல் வழியே எட்டி முன்சில்லைப் பார்த்தபடி வீலை ஒரு விரலால் மெதுவாக இடப்பக்கம் தள்ளி, சில்லு அசையத் தொடங்கும் இடத்தைக் குறியுங்கள், பிறகு வலப்பக்கம். ஹைலக்ஸுக்கு இந்த இடைவெளி விளிம்பில் அதிகபட்சம் 30 மில்லிமீட்டர். இரண்டு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் இருந்தால் பழைய வண்டியின் இயல்பு, விட்டுவிடுங்கள். புழுப்பல் பொக்ஸ் உள்ள வண்டியைப் புதுக் கார் மாதிரி ஆக்கப் போனவர்கள்தான் பொக்ஸைக் கெடுத்தவர்கள்.

30 மில்லிமீட்டருக்கு மேலே என்றால் ஒரு ஆளைக் கூப்பிடுங்கள். என் வீட்டில் அந்த வேலை மகளுக்கு. அவள் வீலை இடமும் வலமும் ஒரு சாண் அளவு ஆட்டிக்கொண்டிருக்க நான் பொனட் பக்கம் நின்று பார்ப்பேன். ரப்பர் இணைப்பின் மேல்பாதி அசைந்து கீழ்ப்பாதி சும்மா இருந்தால் கள்ளன் அங்கே. இணைப்பு முழுவதும் சுழன்று பிட்மன் ஆம் தாமதித்தால் பொக்ஸ். பிட்மன் ஆம் உடனே அசைந்து சில்லு தாமதித்தால் தடிகள். பொக்ஸே சேசியில் இருந்து எழும்பி எழும்பி விழுந்தால், அதைப் பார்த்ததும் உங்களுக்கே விளங்கும், கொஞ்சம் பயமும் வரும். ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பாருங்கள். ஆட்டம் உள்ள மூட்டு உள்ளங்கையில் 'டிக், டிக்' என்று தட்டும்.

தொடங்கும் முன்

பற்றறியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஹோர்ன் வயர் வீலின் நடுவில்தான் இருக்கிறது. அதைவிட முக்கியம், டாஷ்போர்டுக்குக் கீழே நாற்பது வருஷக் கிழட்டு வயர்கள் உங்கள் சாவியோடு உரசும்.

மணல் வளவில் வேலை செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஜாக்கின் கீழே தடித்த பலகை வையுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்தான் இறங்கும். வண்டிக்குக் கீழே போகிறதென்றால் ஜாக்கை மட்டும் நம்பக்கூடாது, ஸ்டாண்ட் வேண்டும், அதற்கும் பலகை. இரண்டாவது, கதவுப் பக்கம் ஒரு படங்கை விரியுங்கள். ஒரு ஸ்பிரிங் வொஷர் எங்கள் ஊர் மணலில் விழுந்தால் அது போனதுதான்.

10, 12, 14 சாவிகளும் அதே அளவு சொக்கட்களும் வேண்டும். ஜப்பான் வண்டியில் எம்8 போல்ட்டின் தலை பெரும்பாலும் 12. வீல் இழுப்பான் ஒன்று, கம்பித் தூரிகை, டபிள்யூடி-40 அல்லது டீசல், நீல நிற லொக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை), வெள்ளைப் பெயின்ற் கொஞ்சம். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் சாவி இருந்தால் நல்லது.

முதல் வேலை: பிராக்கெட்

டாஷ்போர்டின் கீழ் மூடியைக் கழற்றிவிட்டு முதுகைச் சீட்டில் சாய்த்துப் படுங்கள். தலை கிளட்ச் பெடல் பக்கம், கால் வெளியே. சுகமான படுக்கை இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் குழாயைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டும் இரண்டு அல்லது நான்கு போல்ட்டும் தெரியும்.

உடனே இறுக்க வேண்டாம். போல்ட்டின் தலையைச் சுற்றிப் பாருங்கள். செங்கல் தூள் நிறத்தில் மெல்லிய பொடி வொஷரைச் சுற்றிப் படிந்திருந்தால், அந்த இரண்டு இரும்பும் நெடுநாளாக ஒன்றோடொன்று உரசுகின்றன என்று அர்த்தம். வெறும் துரு அப்படிப் பொடியாக உதிராது, ஒட்டிக்கொண்டிருக்கும். என் வண்டியில் வலப்பக்கப் போல்ட்டைக் கழற்றியபோது அதன் தண்டில் ஒரு பக்கம் மட்டும் மரை தேய்ந்து வெள்ளி மாதிரி மினுங்கியது. பிராக்கெட்டின் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவம். அப்படி இருந்தால் பழைய போல்ட்டை இறுக்கிப் பலனில்லை. இன்னும் இரண்டு நெல் லோட்டில் மறுபடி கழலும்.

ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் தண்டு மடியில் விழும், அதன் பாரம் கீழே உள்ள ரப்பர் இணைப்பில் ஏறும். இறுகிப் பிடித்திருந்தால் இரவு டபிள்யூடி-40 அடித்துவிட்டுக் காலையில் வாருங்கள். மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். சட்டத்தில் வெல்ட் செய்த நட்டுக்குள் எம்8, 1.25 பிட்ச் டாப்பை (மரை வெட்டும் கருவி) கையால் விட்டு ஓட்டுங்கள். துருவும் பழைய பெயின்றும் வரும். மரை முற்றாகப் போயிருந்தால் ஹெலிகொயில் (துளைக்குள் செருகும் கம்பிச் சுருள் மரை) போடுவது சுத்தமான வழி.

புதுப் போல்ட்டின் தலையில் உறுதியின் தரத்தைக் காட்டும் 8.8 என்ற இலக்கம் அடித்திருக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் கேற்றுக்கு விற்கும் இலக்கமில்லாத போல்ட் வேண்டாம். அதுவும் பளபளவென்று இருக்கும், இரண்டு ரூபாய் மலிவாகவும் இருக்கும். ஆனால் மென்மையான இரும்பு, இழுபடும். முட்டை வடிவத் துளைக்குத் தடித்த அகல வொஷர், அதற்கு மேல் ஸ்பிரிங் வொஷர். துளை மிக அகன்றிருந்தால் பிராக்கெட்டைக் கழற்றி, துளையை வெல்டால் நிரப்பி, சரியான அளவில் திரும்பத் துளைக்க வேண்டும்.

மரையில் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டு இரண்டு துளி லொக்டைட். எல்லாப் போல்ட்டையும் விரலால் பிடிக்கவைத்து, தண்டு பெடலுக்கு நேராக நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு மாறி மாறி இறுக்குங்கள். எம்8க்கு 25 நியூட்டன் மீட்டர் போதும். டோர்க் சாவி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 15 சென்ரிமீட்டர் நீளச் சாவியின் நுனியில் 17 கிலோ பாரம் தொங்குகிற அளவு. குழாய் செருகி நீட்டி இறுக்கினால் சட்டத்து நட்டே பிய்ந்து வரும். லொக்டைட் முழுதாகப் பிடிக்க 24 மணி நேரம். அன்றைக்கு வண்டியை விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எழுபது எண்பதுகளின் இந்த வண்டிகள் பலவற்றில் பிராக்கெட்டின் போல்ட் நேரடியாகப் பிராக்கெட்டைப் பிடிக்காது. இடையில் சிறு உலோகத் துண்டு ஒன்று பிளாஸ்டிக் முள்ளால் பொருத்தப்பட்டிருக்கும். முன்னால் மோதினால் அந்த முள் முறிந்து தண்டு வழுக்கிப் போக வேண்டும், சாரதியின் நெஞ்சில் ஈட்டியாக நிற்கக்கூடாது. அதற்காகச் செய்த பலவீனம் அது. அந்த முள் முறிந்ததால் ஆட்டம் வந்த வண்டிகளில் துண்டையும் பிராக்கெட்டையும் சேர்த்து வெல்ட் அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் நின்றது உண்மைதான். அந்தச் சாரதிக்கும் மரத்துக்கும் நடுவில் இனி வளைகிற பொருள் ஒன்றுமில்லை. பிராக்கெட்டைப் பழைய சாமானாக வாங்கி மாற்றுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பிக்கப்பின் பெயரையும் ஆண்டையும் சொன்னால் தேடித் தருவார்கள். பழையதைக் கையில் கொண்டுபோனால் அலைச்சல் மிச்சம்.

சட்டத்தில் வெடிப்புக்கு வெல்டிங் செய்வதானால் பற்றறி கழன்றிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். வயர்களை ஒதுக்கிக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு, ஒரு ஆளைத் தண்ணியோடு பக்கத்தில் நிறுத்துங்கள்.

இரண்டாம் வேலை: மேல் புஷ்

குழாய் உறுதியாக நின்று வீல் மட்டும் சொத்தைப் பல் மாதிரி ஆடினால் இந்த வேலை.

ஹோர்ன் மூடியைக் கழற்றுங்கள். நட்டைத் தளர்த்தும் முன் தண்டின் நுனிக்கும் வீலுக்கும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு. இந்தக் கோட்டை மறந்தால் பிறகு நேர் ரோட்டில் வீல் சாய்ந்து நிற்கும், சிக்னலும் ஒரு பக்கம் மட்டும் தானாக விழும். நட்டை முழுதாக எடுக்காமல் கடைசி மூன்று மரையில் விடுங்கள். வீல் திடீரென்று விடுபடும்போது முகத்தில் அடிக்காமல் இருக்க அதுதான் காவல்.

இப்போது இழுப்பான். வீலின் நடுவில் இருக்கும் இரண்டு மரைத்துளைகளில் போல்ட்டை ஓட்டி, நடுத்திருகை மெதுவாக இறுக்கினால் 'டொக்' என்று விடும். தண்டின் நுனியில் சுத்தியலால் அடிக்க வேண்டாம். பிராக்கெட் மாதிரியே பல வண்டிகளில் தண்டும் இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பிளாஸ்டிக் முள்ளால் நிற்கிறது. நாலு அடி போதும், முள் முறிந்து தண்டு உள்ளும் வெளியும் போகத் தொடங்கும். அதற்குப் பிறகு தண்டு முழுவதையும் மாற்றுவதுதான் வழி. இல்லாத வியாதியை வரவழைக்கிற கதை.

வீல் வந்த பிறகு சிக்னல் சுவிட்ச், அதற்குக் கீழே பூட்டு வளையம், அதற்குக் கீழே புஷ் அல்லது பெயரிங். கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள், கழன்ற ஒழுங்கிலேயே படங்கில் வரிசையாக வையுங்கள். பெயரிங் என்றால் அதன் பக்கத்தில் இலக்கம் இருக்கும், அதைக் கொண்டு கடையில் வாங்கலாம். புஷ் என்றால் அந்தப் பழைய நைலோன் தொட்டவுடன் உடையும். உடைந்த துண்டுகளையும் எறியாதீர்கள், அளவு எடுக்கத் தேவைப்படும்.

எனக்குப் புதுப் புஷ் கிடைக்கவில்லை. காத்தான்குடியில் லேத் வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரிடம் துண்டுகளோடு போனேன். நைலோனில் இறுக்கமாக வெட்டித் தாருங்கள் என்றேன். அவர் வேணியரைத் துடைத்தபடி சொன்னார்: "தம்பி, நைலோன் எண்டா தண்ணி குடிக்கும். மாரிக்கு வீங்கும். இப்ப இறுக்கமா வெட்டித் தந்தா, மறுகா நீ வந்து என்னயத்தான் ஏசுவா." உண்மை. நைலோன் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். மார்கழியில் எங்கள் காற்றில் ஈரம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. அவர் டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக்கில் வெட்டித் தந்தார். அது ஈரம் குடிப்பது மிகக் குறைவு. உங்கள் லேத்காரரிடம் அந்தத் தடி இருந்தால் அதையே கேளுங்கள். நைலோன்தான் கிடைக்கிறதென்றால், தண்டு தன் பாரத்திலேயே வழுக்கிச் சுழலும் அளவுக்கு ஒள்ளுப்பம் இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

தண்டில் புஷ் உட்காரும் இடத்தை விரல் நகத்தால் தடவுங்கள். நகம் தடக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. புதுப் புஷ் போட்டாலும் ஆட்டம் முழுதாகப் போகாது. மெல்லிய கிரீஸ் தடவிப் பொருத்துங்கள், ஹோர்னின் தொடுவளையத்திலும் ஒரு துளி. வளையம் அதன் வெட்டில் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்து, வெள்ளைக் கோட்டுக்கு நேராக வீலைப் போட்டு, நட்டை இறுக்குங்கள். ஹைலக்ஸ் வகைக்கு 35 நியூட்டன் மீட்டர் அளவு. பற்றறியைப் பூட்டி ஹோர்ன், இரு பக்கச் சிக்னல், ஸ்டியரிங் லொக் மூன்றையும் பாருங்கள்.

மூன்றாம் வேலை: ரப்பர் இணைப்பு

என்ஜின் சூடு, ஒழுகும் எண்ணெய், உப்பு மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் இது. ரப்பர் வட்டின் விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பரவாயில்லை. உள்ளே துணி இழை தெரிந்தால், போல்ட் துளை நீண்டிருந்தால், மாற்ற வேண்டும்.

ரப்பர் நன்றாக இருந்தும் ஆட்டம் என்றால் இறுக்கும் போல்ட்டைப் பாருங்கள். தண்டின் பல்லை இறுக்கிப் பிடிக்கும் அந்தப் போல்ட், தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியே போக வேண்டும். அப்படிப் போனால்தான் போல்ட் தளர்ந்தாலும் தண்டு கழன்று வராது. முன்னர் யாராவது அவசரமாகப் பூட்டியிருந்தால் தண்டு முழுதாக உள்ளே போகாமல், போல்ட் பள்ளத்துக்கு வெளியே நின்றிருக்கும். ஓடும்போது கழன்றால் கையில் வீல் சும்மா சுழலும். ஆகவே போல்ட்டை முழுதாக வெளியே எடுத்து, துளை வழியே பள்ளத்தைக் கண்ணால் பார்த்து, பிறகு பூட்டுங்கள். இங்கும் 8.8தான், 35 நியூட்டன் மீட்டர் அளவில்.

பழைய ரயரில் அல்லது மில் பெல்டில் வட்டு வெட்டிப் போடுகிறார்கள். என் கருத்து, வேண்டவே வேண்டாம். ரயர் ரப்பர் முறுக்குக்கு இழுபடும், ஆட்டம் இரண்டு மடங்காகும். போல்ட் துளையில் கிழியவும் கிழியும். இன்னொரு பிக்கப்பிலிருந்து நல்ல பழையது எடுப்பது அதைவிட நூறு மடங்கு மேல்.

நான்காவது, கடைசியாகத்தான் பொக்ஸ்

முதலில் பொக்ஸைச் சேசியில் பிடிக்கும் போல்ட்கள். அந்த இடத்தைச் சுற்றிச் சேறு சுரண்டி, சேசியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டி அங்கேயே நிற்கட்டும், சேசி வெல்டிங் தெரிந்தவர் வரட்டும்.

பிறகு எண்ணெய். மேலேயுள்ள நிரப்பும் ஆணியைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் தெரிய வேண்டும். 90 கியர் ஒயில், ஜிஎல்-4. கிரீஸ் அடித்து நிரப்பியவர்களைக் கண்டிருக்கிறேன். கிரீஸ் ஒரு தடவை ஒதுங்கினால் உள்ளே உருளும் இரும்புப் பந்துகளுக்குத் திரும்பி வராது, எண்ணெய் வரும்.

எண்ணெய் சரி, போல்ட் சரி, மேலே எல்லாம் சரி, இன்னும் பிட்மன் ஆம் தாமதிக்கிறது என்றால் மட்டும் திருகாணி. சில்லு நேராக நிற்க வேண்டும். பற்கள் நடுநிலையில்தான் மிக இறுக்கமாகக் கவ்வும். வீலைத் திருப்பி வைத்து அங்கே ஆட்டத்தைப் போக்கினால், நேருக்கு வரும்போது பல்லும் பந்துகளும் நசுங்கும். நான் பட்டிருப்பில் படித்த பாடம் இதுதான். திருகாணியைப் பிடித்தபடி பூட்டு நட்டைத் தளர்த்தி, வலஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்று மட்டும். நட்டை இறுக்கிவிட்டு, முன்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி, வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்புங்கள். நடுவில் சிறு கவ்வல் இருக்கலாம், பிடித்து நிற்கக்கூடாது. போதாவிட்டால் இன்னொரு எட்டில் ஒன்று. அதற்கு மேலும் ஆட்டம் என்றால் பொக்ஸ் உள்ளே தேய்ந்துவிட்டது, திருகாணியால் ஆகாது. தண்டு உள்ளும் வெளியும் போவது பொக்ஸின் பெயரிங்கால் என்றாலும் இதே முடிவு. அதைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கீழே உள்ளவை

ஐட்லர் ஆம் என்பது பிட்மன் ஆமுக்கு எதிர்ப்பக்கத்தில் தடிகளைத் தாங்கும் கை; கையால் மேலும் கீழும் அசைத்தால் அது அசையக்கூடாது. டை ரொட் (சில்லுக்குப் போகும் தடி) நுனிகளின் ரப்பர் கிழிந்திருந்தால் உள்ளே மணல் போயிருக்கும். சில்லைத் தூக்கிப் பன்னிரண்டு-ஆறு மணியில் அசைத்தால் பெயரிங் அல்லது போல் ஜொயின்ட், மூன்று-ஒன்பது மணியில் அசைத்தால் தடிகள். ரயர் காற்றையும் பாருங்கள். முன் ரயரில் காற்றுக் குறைந்த வண்டியை ஸ்டியரிங் ஆட்டம் என்று கராஜுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு.

ஓடிப் பார்த்தல்

மூடியைப் போடும் முன், இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட்டுக்கு ஒரு வெள்ளைப் பெயின்ற் கோடு இழுங்கள். பிறகு போல்ட் ஒரு முடி அளவு திரும்பினாலும் கோடு முறிந்து காட்டும்.

முதல் ஓட்டம் காலையில், வெறும் வண்டியோடு, ஆளில்லாத உள் ரோட்டில், 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல். இரு பக்கமும் திருப்பிக் கையைத் தளர்த்தினால் வீல் தானாக நேருக்கு வர வேண்டும். பிறகு தார் ரோட்டில் 50. அதன் பிறகுதான் கிறவல். 2013இல் கல்லடியில் புதுப் பாலம் திறக்கும் முன் எனக்கு ஒரு பரீட்சை இருந்தது: பழைய இரும்புப் பாலத்தின் ஒற்றை வழியில், இரு பக்கமும் இரும்பு நெருங்கி வர, வீலை எத்தனை தடவை திருத்துகிறேன் என்று எண்ணுவேன். இப்போது அதற்கு வேலி ஓரத்து ஒழுங்கைதான்.

100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி படுத்துப் பாருங்கள். கோடு முறியாமல் இருந்தால் மூடியைப் போட்டு, 30 மில்லிமீட்டர் அளவை இன்னொரு தடவை எடுத்து, திகதியோடு டாஷ்போர்டு மூடியின் உட்பக்கத்தில் எழுதிவையுங்கள். என் வண்டியில் கடைசியாக எழுதியிருப்பது 18. மேலடுக்கில் சட்டி ஏற்றத் தொடங்கிவிட்டேன்.